நடுநிலைப் பள்ளியும் பெற்றோரும்: வீட்டிற்குச் செய்தி சேர்ந்த வரலாறு

வகுப்பில் என்ன பாடம் நடக்கிறது, தேர்வு எப்போது, விழா எந்த நாள், எந்த உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்பவற்றை மாணவரின் வீட்டிற்குத் தெரிவிப்பது பள்ளியின் கடமைகளுள் ஒன்று. இக்கடமை தமிழ்நாட்டில் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நடுநிலைப் பள்ளி என்பது இங்கு 1 முதல் 8 வரை வகுப்புகள் உள்ள பள்ளி. 5ஆம் வகுப்போடு ஊர்த் தொடக்கப் பள்ளி முடிந்து, பிள்ளை பக்கத்து ஊருக்கு நடக்கத் தொடங்குவதும், பெண் பிள்ளைகள் பருவமடைவதும், படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்று வீட்டில் பேச்சு எழுவதும் 6, 7, 8ஆம் வகுப்புக் காலத்தில்தான். எனவே பள்ளியிலிருந்து வீட்டிற்குச் செய்தி போவது இந்த மூன்று ஆண்டுகளில் மிகவும் தேவைப்படுகிறது.

திண்ணைப் பள்ளிக் காலம்

திண்ணைப் பள்ளியில் பெற்றோருக்குத் தனியாக அறிவிப்புச் செய்ய வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆசிரியர் ஊரிலேயே இருந்தார். பிள்ளைகள் உரக்கச் சொல்லும் எண்சுவடியும் நெடுங்கணக்கும் தெருவில் போவோர் காதில் விழும். அமாவாசை, பௌர்ணமி போன்ற நாட்களில் விடுமுறை. அதைப் பஞ்சாங்கமே சொல்லிவிடும். விசயதசமியில் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். நவராத்திரியில் ஆசிரியர் பிள்ளைகளை வீடுவீடாக அழைத்துச் சென்று பாடவும் கோலாட்டம் ஆடவும் செய்வார். வீட்டார் பணமும் பொருளும் கொடுப்பார்கள். அது ஆசிரியரின் வருமானம்; பிள்ளை கற்றதைப் பெற்றோர் நேரில் காணும் நாளும் அதுவே. வராத பிள்ளையின் வீட்டிற்குச் சட்டாம்பிள்ளை செல்வான்.

சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் இத்தகைய பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் பெண்கள் 4,540 பேர் மட்டுமே. திண்ணைப் பள்ளியை நினைவுகூரும்போது இந்த எண்ணையும் சேர்த்து நினைக்க வேண்டும். பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே இருந்த நெருக்கம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய சில வீடுகளுக்கு மட்டும் உரியதாக இருந்தது. பெண் குழந்தைகளின் வீடுகளிலும், ஒடுக்கப்பட்ட மக்களின் வீடுகளிலும் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் திண்ணையோடு தொடர்பே இல்லை.

பதிவேடுகளின் வருகை

1854ஆம் ஆண்டின் உட்டு அறிக்கைக்குப் பின் அரசு மானியம் பெறும் பள்ளிகள் பெருகின. மானியம் வேண்டுமானால் ஆய்வாளர் பார்வைக்குப் பதிவேடுகள் வேண்டும். வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, கால அட்டவணை, ஆண்டுத் தேர்வு ஆகியவை பள்ளிகளில் நிலைபெற்றன. விடுமுறைகளும் படிப்படியாக ஆங்கில மாதக் கணக்கிற்கு மாறின. பஞ்சாங்கம் பார்த்துப் பள்ளி நாளை அறிந்த குடும்பத்திற்கு இனி யாராவது சொன்னால்தான் தெரியும் என்ற நிலை ஏற்பட்டது.

ஆனால் இந்தப் பதிவேடுகள் பெற்றோருக்காக எழுதப்பட்டவை அல்ல. அவை ஆசிரியரிடமிருந்து தலைமையாசிரியருக்கும், அவரிடமிருந்து ஆய்வாளருக்கும் மேல்நோக்கிச் சென்றன. பிள்ளையைப் பற்றிய விவரம் முழுவதும் பள்ளியில் எழுதப்பட்டது. பிள்ளையின் தாய்க்கு அதில் ஒரு வரியும் தெரியாது. பள்ளி நிர்வாகத்தில் இந்தப் பழக்கம் நெடுங்காலம் நீடித்தது. இன்றும் முழுமையாக மறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

1920இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட பகுதிகளில் கட்டாயக் கல்வியை நடைமுறைப்படுத்த அது வழிசெய்தது. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அறிவிப்பு அனுப்பவும் தண்டம் விதிக்கவும் இடம் இருந்தது. இத்தகைய பகுதிகளில் பள்ளிப் பெயரால் வீட்டிற்கு வந்த எழுத்து, எச்சரிக்கையாகவே வந்தது. எட்டு வகுப்புகள் கொண்ட பள்ளி அக்காலத்தில் உயர்தரத் தொடக்கப் பள்ளி எனப்பட்டது. 8ஆம் வகுப்பின் முடிவில் நடந்த இ.எஸ்.எல்.சி. தேர்வில் தேறியவர் ஊரில் படித்தவராக மதிக்கப்பட்டார்.

ஊருக்குப் பொதுவான செய்தியைத் தண்டோரா போட்டு அறிவிப்பதே வழக்கம். பறையறைந்து செய்தி சொல்லும் வேலை ஒரு சாதியாரின் மேல் சுமத்தப்பட்டிருந்தது. ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவரின் பிள்ளைக்குப் பல ஊர்களில் பள்ளிக்குள் இடமில்லை. தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது 2022இல்தான்.

மதிய உணவும் சீரமைப்பு மாநாடும்

1953இல் இராசாசி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பெற்றோரின் தொழிலையே அடிப்படையாகக் கொண்ட இத்திட்டம் பெற்றோரைக் கேட்டுச் செய்யப்படவில்லை. குலக்கல்வித் திட்டம் என்று கடுமையாக எதிர்க்கப்பட்ட அது 1954இல் கைவிடப்பட்டது.

அடுத்து முதலமைச்சரான காமராசர் காலத்தில் பள்ளிக்கும் ஊருக்கும் இடையே புதிய உறவு உண்டாயிற்று. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் முதலில் ஊர் மக்களின் நன்கொடையை நம்பியே நடந்தது. அரிசியும் பருப்பும் விறகும் கேட்டு ஆசிரியர்கள் வீடுவீடாகச் சென்றார்கள். சென்ற இடத்தில் பிள்ளையைப் பற்றியும் பேசினார்கள். உணவைக் கேட்கப் போன நடையே பள்ளியின் செய்தியைக் கொண்டுசென்ற நடையும் ஆயிற்று.

1958இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு இதில் முன்னின்றார். ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று பட்டியல் எழுதப்பட்டது. கூரை, கரும்பலகை, பெஞ்சு, கிணறு, கடிகாரம், சீருடை என்று நீளும் அந்தப் பட்டியல் ஊரார் முன் வைக்கப்பட்டது. ஊரார் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பள்ளி தன் குறையை மறைக்காமல் ஊருக்குச் சொன்னது. ‘உன் பிள்ளை சரியில்லை’ என்று சொல்ல மட்டுமே பெற்றோரை அழைக்கும் இடமாக அது இல்லாமற் போயிற்று.

தேர்ச்சி அறிக்கையும் கைநாட்டும்

பின்வந்த பத்தாண்டுகளில் பள்ளிக்கும் வீட்டிற்கும் இடையே நிலையான தாளாக இருந்தது தேர்ச்சி அறிக்கை. மடித்த அட்டை ஒன்றில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வு மதிப்பெண்களும், வருகை நாட்களும், ஆசிரியர் குறிப்பும், கடைசிக் கட்டத்தில் பெற்றோர் கையொப்பமும் இருக்கும். தவறிய பாடத்திற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு.

பெற்றோர் படிக்கத் தெரிந்தவர் என்ற எண்ணத்தில் அமைந்தது இந்த அட்டை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18.33 விழுக்காடு, பெண்களிடையே 8.86 விழுக்காடு. ஆகவே பல வீடுகளில் அட்டையைப் படித்துக் காட்டியது பிள்ளைதான். சிவப்புக் கோட்டுக்கு ‘நல்லா எழுதியிருக்கேன்னு சார் கோடு போட்டிருக்கார்’ என்று பொருள் சொன்ன பிள்ளைகளை அக்கால ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பள்ளி அனுப்பிய ஒரே செய்தியும் அந்த வீட்டிற்குள் நுழையவில்லை என்பதே அதன் பொருள்.

1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம் இந்த இடத்தில் பெரும் மாற்றத்தைச் செய்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றது பலரும் அறிந்த செய்தி. ஆசிரியர்கள் பலர் மாலையில் தெருவிளக்கின் கீழ் வகுப்பு எடுத்தனர். இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர். ஒரு தாய் தன் பெயரை எழுதக் கற்ற பிறகு, அரையாண்டுத் தேர்ச்சி அறிக்கையை மகனிடம் கொடுத்தனுப்பாமல் தானே பள்ளிக்கு எடுத்து வந்தார். ‘நான் இங்கேயே போடுறேன், நீங்க பாருங்க சார்’ என்று சொல்லி, நிறுத்தி நிறுத்திக் கையொப்பமிட்டார். அதன்பின் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையும் விரல் வைத்துக் கேட்டார். அதுவரை அந்த அட்டையில் மூன்று கைநாட்டுகள் இருந்தன. ஒரு கேள்வியும் வந்ததில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

பாடமுறை மாறியபோது

செய்தி சொல்லாமல் செய்யும் மாற்றம் வீட்டில் எத்தகைய ஐயத்தை உண்டாக்கும் என்பதற்கு அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 2007ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றலும், 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி முறையும் மாநிலமெங்கும் வந்தன. பிள்ளைகள் குழுவாக அமர்ந்து மனவரைபடம் வரைந்தார்கள். ‘நோட்டில் ஒன்றும் எழுதுவதில்லை, சார் பாடம் நடத்துவதில்லையா?’ என்று பெற்றோர் கேட்டனர். முறை குறித்து ஆசிரியர்களுக்குப் பல நாட்கள் பயிற்சி அளிக்கப்பட்டது. பெற்றோருக்கு விளக்கியது பெரும்பாலும் அந்தந்தப் பள்ளியின் ஆர்வத்தைப் பொறுத்தே அமைந்தது. ஒரு நாள் பெற்றோரை வகுப்பிலேயே உட்காரவைத்துக் காட்டிய பள்ளிகளில் இக்கேள்வி அடங்கியது.

2012-13இல் 1 முதல் 8 வரை முப்பருவ முறை வந்தது. தேர்வுக்கு 60, செயல்பாடுகளுக்கு 40 என்று மதிப்பெண் பிரிந்து, தேர்ச்சி அறிக்கையில் தரநிலைக் குறியீடுகள் இடம்பெற்றன. மதிப்பெண்ணைப் படிக்கப் பழகிய பெற்றோர் ‘ஏ2’ என்றால் என்ன என்று மீண்டும் பிள்ளையிடமே கேட்க வேண்டியதாயிற்று.

குழுக்களும் சட்டமும்

அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கீழ் கிராமக் கல்விக் குழுக்கள் செயல்பட்டன. பின்னர் 2009ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும்.

இதே சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோருடன் முறையாகக் கூட்டம் நடத்தி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் முன்னேற்றம், பிற தேவையான செய்திகள் ஆகியவற்றைத் தெரிவிப்பது அவற்றுள் ஒன்று. அதுவரை நல்ல ஆசிரியரின் பண்பாக மட்டும் இருந்தது, இச்சட்டத்தால் எல்லா ஆசிரியரின் கடமையாயிற்று. 2022 மார்ச்சில் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டங்கள் நடத்தப்பட்டு மேலாண்மைக் குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன.

நடைமுறையில் ஒரு தடை உண்டு. வேலை நாளில் பகலில் கூட்டம் வைத்தால், நூறு நாள் வேலைக்கோ கூலிக்கோ போகும் தாய் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர முடியும். மாலையில் கூட்டம் வைத்த பள்ளிகளில் வருகை கூடியதைப் பணிக்காலத்தில் பலமுறை காண முடிந்தது.

கைப்பேசிக் காலம்

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2019இல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியே பாடங்கள் ஒளிபரப்பாயின. எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்குப் பாடம் என்ற அட்டவணை வாட்சப் குழுக்களில் வந்தது. பெரும்பாலான வீடுகளில் ஒரு கைப்பேசிதான். அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். இரவில் அவர் வந்த பின்பே காலைப் பாடத்தின் செய்தி பிள்ளைக்குத் தெரியும். 2021 அக்டோபரில் 1 முதல் 8 வரையான மாணவர்களுக்காகத் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் குடியிருப்பிலேயே மாலை வகுப்பு நடத்தினர். மீண்டும் தெருவில் பாடம் கேட்டது. தாய்மார் வாசலில் நின்று பார்த்தார்கள்.

பள்ளி திறந்த பின்னும் வாட்சப் குழுக்கள் நீடிக்கின்றன. விரைவு அதன் நன்மை. ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே தேர்வு அட்டவணை காணாமற் போவதும், குழுவில் இல்லாத பெற்றோரை ‘குழுவில் போட்டாயிற்று’ என்று சொல்லி மறந்துவிடுவதும் அதன் தீமைகள்.

செய்தி சேராவிட்டால்

மத்திய அரசு 2008இல் தொடங்கிய தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வு 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கு உரியது. தேர்வு பெற்றவர்க்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் கிடைக்கும். விண்ணப்பிக்கும் நாள் குறைவு. வங்கிக் கணக்கு, சான்றிதழ்கள் ஆகியவற்றைத் தயார் செய்யப் பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இக்கட்டுரையாளர் பணியாற்றிய ஒரு பள்ளியில், நன்றாகப் படித்த ஒரு மாணவியின் வீட்டிற்கு இச்செய்தி கடைசி நாளுக்கு மறுநாள் சேர்ந்தது. அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டிருந்தது. சுற்றறிக்கையில் எல்லோரும் கையொப்பமிட்டிருந்தோம். அந்தப் பெண் அந்த வாரம் அம்மை கண்டு வீட்டில் இருந்தாள். அவள் வீட்டிற்கு நடந்தால் பத்து நிமிடம். யாரும் போகவில்லை. அவளுடைய தந்தை பள்ளிக்கு வந்து கோபப்படாமல், ‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்’ என்றார். அடுத்த ஆண்டு முதல் 8ஆம் வகுப்பில் மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டிற்கு ஓர் ஆசிரியர் போவது எனப் பள்ளியில் முடிவு செய்தோம்.

தொகுப்பு

சட்டாம்பிள்ளை, தண்டோரா, தேர்ச்சி அறிக்கை, குழுக் கூட்டம், வாட்சப் என்று வழிகள் மாறி வந்துள்ளன. ஒவ்வொரு வழியும் சில வீடுகளை எட்டியது, சில வீடுகளை விட்டுவிட்டது. திண்ணைக் காலத்தில் விடுபட்டவர்கள் பெண்களும் ஒடுக்கப்பட்டோரும்; அட்டைக் காலத்தில் எழுத்தறியாதோர்; கைப்பேசிக் காலத்தில் கைப்பேசி இல்லாதோர். செய்தியை அனுப்பியதற்குப் பள்ளியிடம் பதிவேடு இருக்கிறது. அது வீட்டில் சேர்ந்ததா என்பதை அறிய, இன்றும் யாராவது ஒருவர் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.