சேறும் சில்லும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் திசையில் விரிந்து கிடக்கும் வயல் நிலத்தைப் படுவான்கரை என்பர். ஐப்பசி, கார்த்திகையில் இறங்கும் வாடைமழை அங்கே பெரும்போக வெள்ளாமையை வளர்க்கிறது. அம்மழையே அறுவடைக் காலத்திலும் ஓயாது பெய்யுமாயின், விளைந்த கதிர் சாய்ந்து சேற்றிலே முளைகட்டிவிடும். 2011ஆம் ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வந்த வெள்ளம் இதனைக் கண்கூடாகக் காட்டிற்று. ஆகவே, ஈரம் வற்றுமுன் வயலுக்குள் எதைக்கொண்டு இறங்குவது என்பதே அங்குள்ள உழவனின் பழைய கேள்வி.

முன்னாளில் அதற்கு விடை மனிதன் காலும் எருமையின் குளம்புமே. எருமைகளை வயலில் ஓட்டி மிதிக்கச் செய்து சேறாக்கினர். முதிர்ந்த பயிரைத் தாக்கத்தியால் வெட்டிச் சூடாக வைத்து, களவெட்டியில் மாடுகளை விட்டு மிதித்தனர். போகத்துக்குப் போகம் மிதிபட்ட வயலில் மேலே மென்சேறும் கீழே இறுகிய தட்டும் அமைந்தன. அத்தட்டே நீரை நிறுத்தியது, இறங்கியவரையும் தாங்கியது.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. அந்நாளில் அம்பாறைப் பகுதி மட்டக்களப்பு மாவட்டத்திலேயே அடங்கியிருந்தது. 1961இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. காடு வெட்டிக் கழனியாக்க இயந்திரங்கள் வந்தன. அவற்றின் பின்னே உழவு இயந்திரங்களும் வந்தன. 1950களில் இலங்கையரான றே விஜேவர்தன வடிவமைத்த 'லான்ட்மாஸ்டர்' என்னும் இரு சில்லு இயந்திரம், எருமையின் வேலையை எடுத்துக்கொண்டது. இத்தகைய இயந்திரங்கள் சேற்றில் புதையாதிருக்க, கூண்டு போன்ற இரும்புச் சில்லுகளைப் பூட்டினர். எனினும் கதிர் வெட்டும் வேலை நெடுங்காலம் மனிதக் கையிலேயே நின்றது. பாரமான அறுவடை இயந்திரத்தைச் சேறு தாங்காது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சேறு எங்கும் ஒரே கணக்கையே போடுகிறது. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சதுப்பு நிலத்தில் புதைந்த தம் நீராவி இயந்திரத்துக்குப் பெஞ்சமின் ஹோல்ட் என்பார் சில்லுகளை அகலமாக்கிக்கொண்டே போனார். ஓர் இயந்திரத்தின் மொத்த அகலம் 46 அடியாயிற்று. இறுதியில், 1904 நவம்பரில், சில்லைக் கழற்றி மரப்பலகை கோத்த தொடர்ப்பட்டையை மாட்டினார். பாரம் பரந்தது, இயந்திரம் நடந்தது. 1932இல் காற்றடைத்த டயர் உழவு இயந்திரத்துக்கு வந்தது. பின்னர், நெல் வயலுக்கென்றே, சாதாரண உழவு டயரைவிட ஏறத்தாழ இருமடங்கு ஆழமான பட்டைகள் கொண்ட டயர் செய்யப்பட்டது. அது சேற்றை ஆழப் பற்றும்; ஆயின் தார் வீதியில் விரைவில் தேயும். டயரை அகலமாக்கி, தயாரித்தோர் வகுத்த எல்லைக்குள் காற்றைக் குறைத்தால், நிலத்தின் மேல் அழுத்தம் தணியும். அதுவும் போதாத ஆழச் சேற்றுக்கு, 1960களின் பிற்பகுதி முதல் ஜப்பானியர் தொடர்ப்பட்டை பூட்டிய சிறு நெல் அறுவடை இயந்திரங்களைப் பரப்பினர். அகன்ற இறப்பர்ப் பட்டை நிலத்தில் தரும் அழுத்தம், நடக்கும் மனிதனின் பாதம் தருவதிலும் குறைவு.

இன்று அத்தகைய இயந்திரங்கள் படுவான்கரையிலும் வெட்டுகின்றன. முன்பு 'பாதை' என்னும் மிதவையேறிக் கடந்த மண்முனைத் துறையில் 2014 முதல் பாலமும் உண்டு. ஆயினும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். ஈர வயலில் பாரமான சில்லு ஒருமுறை ஆழ உழுதுவிட்டால், தலைமுறைகள் மிதித்து இறுக்கிய தட்டு உடைகிறது. அடுத்த போகத்தில் நீர் அவ்வழியே கசிகிறது; வரும் இயந்திரமும் அதே பள்ளத்தில் புதைகிறது. அறுவடைக் கூலியில் மிச்சம் பிடித்தவர், வயலின் அடித்தளத்தையே செலவிட்டவராகிறார்.

ஆகவே சில்லைத் தேர்வது இயந்திரத்துக்கு மட்டும் உரிய காரியமன்று, நிலத்துக்கும் உரியது. இந்தப் போகத்து நெல்லைக் காப்பாற்றி, அடுத்த போகத்து வயலையும் விட்டுவைப்பது எதுவோ, அதுவே சேற்றுக்குத் தக்க சில்லு.