நாலணா, ஆழாக்கு, பாஸ்புக்: எங்க வீட்டுப் பெருசுங்க ஏன் இப்படி?

செமஸ்டர் ஒரு வழியா முடிஞ்சது. எப்படி எழுதினேன்னு யாரும் கேட்க வேண்டாம், பதில் சொல்ற மனநிலையில் இல்லை :-) இந்த முறை கொஞ்சம் வரலாறு. வரலாறுன்னதும் ராஜராஜ சோழன் வரைக்கும் போகப் போறதில்லை. எங்க வீட்டு அரிசி டின் வரைக்கும்தான்.

எங்க வீடு திருவேற்காடு. வீட்டில் ஆயாவுக்கு (அப்பாவின் அம்மா) 83 வயசு, அப்பாவுக்கு 63. நான் லேட்டாப் பொறந்த பிள்ளை. அதனால் என் கிளாஸ்மேட்ஸ் தாத்தா பாட்டியோடு போடுற சண்டையை எல்லாம் நான் அப்பாவோடயே போடுறேன். உதாரணத்துக்குச் சில:

ஆயா இன்னைக்கும் ஐம்பது பைசான்னு சொல்லாது, எட்டணாதான். அரிசியைக் கிராமில் அளக்கச் சொன்னா முறைக்கும், ஆழாக்குதான். அப்பாவிடம் ஸ்மார்ட்போன் இருக்கு, ஆனா பணம் அனுப்புற ஆப் எதையும் போட விடமாட்டார். மாசம் ஒரு தரம் பாஸ்புக்கை மஞ்சப்பையில் வச்சு எடுத்துட்டு பேங்குக்குப் போய், என்ட்ரி போட்டு, வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கிட்டு வரிவரியாகப் படிப்பார். "மெசேஜ்தான் வருதேப்பா"ன்னா, "மெசேஜ்ல சீல் இருக்காடா?"ம்பார்.

ரொம்ப நாளா இதை எல்லாம் பயம், பிடிவாதம், வயசாயிடுச்சுன்னு நினைச்சிருந்தேன். நம்ம சிலபஸில் வர்ற இந்தியப் பொருளாதார வரலாற்றைக் கொஞ்சம் ஒழுங்காப் படிச்சப்போதான் வேற மாதிரி தெரிஞ்சது. ஒவ்வொரு பழக்கத்துக்குப் பின்னாடியும் ஒரு தேதி இருக்கு.

முதல் தேதி: 1957 ஏப்ரல் 1

அதுவரைக்கும் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 12 பை (நம்ம ஊரில் தம்பிடி). ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. கேட்டாலே தலை சுத்துதா? எனக்கும் அப்படித்தான். ஆனா ஆயாவுக்குச் சுத்தவில்லை. ஏன்னா அது பாதி பாதியாப் பிரியிற கணக்கு. ரூபாயில் பாதி எட்டணா, அதில் பாதி நாலணா, அதில் பாதி இரண்டணா, அதில் பாதி ஓரணா. தமிழில் அரை, கால், அரைக்கால், மாகாணின்னு வாய்ப்பாடே இருந்தது. மாகாணின்னா பதினாறில் ஒன்று. அதாவது ஒரு ரூபாயில் ஓரணா. பள்ளிக்கூடம் போகாதவர்கூட மனசுக்குள்ளேயே பிரிச்சுடலாம்.

1955இல் நாணயச் சட்டத்தைத் திருத்தி, 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசான்னு ஆக்கினாங்க. 'நயா' என்றால் புதிய. பழைய பைசாவோடு குழம்பக் கூடாதுன்னு வச்ச அடைமொழி. 1964 ஜூன் 1 அன்று அந்த நயாவை எடுத்துட்டு வெறும் பைசான்னு விட்டாங்க.

கணக்குப் படிக்கிறவங்களுக்கு இங்கேதான் சுவாரசியம். நாலணா 25 பைசா, எட்டணா 50 பைசா, பன்னிரண்டணா 75 பைசா. இதெல்லாம் சரியாகப் பொருந்துது. ஆனா ஓரணா? 6.25 பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அதனால் மாற்று அட்டவணையில் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19 நயா பைசான்னு முழுசாக்கிப் போட்டாங்க. இப்போ 16 ஓரணாவை மொத்தமாக மாற்றினால் 100 பைசா. ஒவ்வொன்றாக மாற்றினால் 96 பைசா. மீதி 4 பைசா எங்கே? நம்ம பாடத்தில் இதுக்கு 'ரவுண்டிங் ஆஃப்'னு பேரு. ஆயா அகராதியில் இதுக்கு வேற பேரு.

அப்போ ஆயாவுக்கு 15 வயசு. பழைய காசும் புதுக் காசும் ஒண்ணாப் புழங்கின காலம். கடைக்குப் போய் வந்தா அவங்கம்மா சில்லறையைத் தரையில் பரப்பி, திரும்ப அணாவாக்கி எண்ணிப் பார்ப்பாங்களாம். "பத்து நாளைக்கு ஒரு தபா எதுனா கொறையும் கண்ணு. கடைக்காரன் ஏமாத்தினானா, கெவுருமெண்ட் ஏமாத்திச்சான்னு தெரியாது. அடி மட்டும் எனக்கு விழும்." அந்த அடி வாங்கின கணக்கு எப்படி மறக்கும் சொல்லுங்க.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. பிரான்ஸில் 1960 ஜனவரி 1 முதல் 100 பழைய ஃபிராங்க் ஒரு புது ஃபிராங்க் ஆச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் அங்கே பெரியவங்க பழைய ஃபிராங்கிலேயேதான் விலை சொன்னாங்க. இங்கிலாந்து 1971 பிப்ரவரி 15இல் தசம முறைக்கு வந்தது. பழைய ஆறு பென்னி நாணயத்தை 1980 வரை புழக்கத்தில் விட வேண்டியிருந்தது. நம்ம 25 பைசா 2011 ஜூன் 30 வரை செல்லுபடியானது. அதாவது நாலணா செத்து ரொம்ப வருஷம் ஆகலை. எட்டணா இன்னும் சட்டப்படி உயிரோடதான் இருக்கு, கடைக்காரர் வாங்க மாட்டார் என்பது வேற விஷயம்.

இரண்டாவது: 1962இல் போன வீசை

காசு மாறி மூச்சு விடுறதுக்குள்ள எடையும் மாறிடுச்சு. 1956இல் எடை, அளவுச் சட்டம். 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோ. 1962 ஏப்ரலில் எடைக்கு மெட்ரிக் முறை கட்டாயம். அதுக்கு முன்னாடி சென்னைப் பக்கம் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. வீசைன்னா சுமார் 1.4 கிலோ. காய்கறி வாங்கும் பெண்கள் ஐந்தே வருஷத்தில் காசையும் எடையையும் சேர்த்து மறந்து, சேர்த்துக் கத்துக்க வேண்டியிருந்தது. நாமளா இருந்தா ஸ்டிரைக் பண்ணியிருப்போம்.

ஆனா வேடிக்கை பாருங்க. பூ இன்னைக்கும் முழம்தான். கருமாரியம்மன் கோயில் வாசலில் போய் முப்பது சென்டிமீட்டர் மல்லின்னு கேட்டுப் பாருங்க, பூக்காரம்மா சாமி வந்து ஆடிடுவாங்க. நகை இன்னைக்கும் சவரன். இங்கிலாந்தின் சாவரின் தங்கக் காசு சுமார் 8 கிராம், அந்தப் பேரு நம்மகிட்ட தங்கிப் போச்சு. திருவேற்காட்டில் மனை விற்கிறவர் இன்னைக்கும் கிரவுண்டுன்னுதான் சொல்றார். 2400 சதுர அடி. ஜீன்ஸ் போட்ட ஐடி அண்ணனும் 'அரை கிரவுண்டு என்ன விலை'ன்னுதான் கேட்கிறார். அவரை யாரும் பழைய பஞ்சாங்கம்னு சொல்றதில்லை. ஆயா ஆழாக்குன்னு சொன்னா மட்டும் சிரிக்கிறோம்.

ஆழாக்கைப் பத்தி ஒரு வார்த்தை. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆயா ஒரு ஆழாக்கு அரிசிக்கு அதே ஆழாக்கால் தண்ணி அளந்து ஊத்தும். பேட்டரி வேண்டாம், தராசு வேண்டாம். அம்மா வாங்கின டிஜிட்டல் தராசு அலமாரியில் தூங்குது. குழைஞ்ச சோறு எங்க வீட்டில் நான் சமைக்கிற அன்னைக்கு மட்டும்தான்.

மூன்றாவது: அப்பாவின் சீல்

இதுதான் கொஞ்சம் வலிக்கிற பகுதி.

சென்னைக்கும் நிதி நிறுவனங்களுக்கும் பழைய பகை. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானது. மெட்ராஸின் பெரிய வெள்ளைக்கார நிறுவனங்களில் ஒண்ணு. ஆயிரக்கணக்கான பேர் சேமிப்பு போச்சு. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். அந்த அதிர்ச்சியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவங்க முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960இல் கேரளாவில் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது. அதுக்கப்புறம் 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அன்னைக்கு உச்சவரம்பு 1500 ரூபாய். 2020 பிப்ரவரியில் அது 5 லட்சம் ஆச்சு. ஒவ்வொரு பாதுகாப்பும் யாரோ பணத்தை இழந்த பிறகுதான் வந்திருக்கு.

1990களில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனிகள். பேங்கை விட ரொம்ப அதிக வட்டி, வாசலில் ஏசி, காலண்டரில் சாமி படம். அப்போ அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அத்தை கல்யாணத்துக்குச் சேர்த்த 20,000 ரூபாயை அந்த மாதிரி ஒண்ணில் போட்டார். ஒரு திங்கட்கிழமை போனா ஷட்டர் மூடியிருந்தது. அவ்வளவுதான் கதை. இது மாதிரி தமிழ்நாடு முழுக்க நடந்து, 1997இல் முதலீட்டாளர் நலன் பாதுகாக்கத் தனிச் சட்டமே கொண்டு வந்தாங்க. அப்பா புகார் கொடுக்கப் போனப்போ கேட்டது ஒரே கேள்வி: "ரசீது வச்சிருக்கியா?" பக்கத்து லேத்தில் வேலை பார்த்தவர் வெறும் வாய் வார்த்தையை நம்பிப் பணம் கொடுத்தவர். அவரால் புகார்கூட எழுத முடியலை. அப்பாவிடம் சீல் போட்ட பேப்பர் இருந்தது. பல வருஷம் கழிச்சு அந்தப் பேப்பருக்குக் கொஞ்சம் பணம் திரும்பி வந்தது.

அத்தை கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப் போச்சு. இதை அப்பா எனக்குச் சொன்னது போன வருஷம்தான். அதுவரைக்கும் "சீல் இருக்காடா" என்பதை வச்சு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட மிமிக்ரி பண்ணிட்டிருந்தேன்.

நான்காவது: 2016, அப்புறம் என் கதை

2016 நவம்பர் 8. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது. அன்னைக்குப் புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ராத்திரியோட ராத்திரியாப் போச்சு. (1946லும் 1978லும் இப்படி நடந்திருக்கு, ஆனா அப்போ அடிபட்டவை பெரிய நோட்டுகள், நம்ம மாதிரி ஆளுங்க கையில் இருந்திருக்காது.) எல்லோரையும் போல நாங்களும் வரிசையில் நின்னோம். டிசம்பர் 30 கெடு முடிஞ்சது. அடுத்த போகி அன்னைக்கு அரிசி டின்னைக் கவிழ்த்தா, அடியில் சுருக்குப்பையில் ஆறு ஐநூறு ரூபாய் நோட்டு. ஆயா வச்சது, ஆயாவே மறந்தது. அதைக் கையில் வச்சுக்கிட்டு ஆயா கேட்டது: "அணா போனப்பகூட பழைய காச வாங்கிக்கினாங்களேடா?"

பதில் சொல்ல யாருக்கும் வாய் வரலை.

அதே 2016இல்தான் யூபிஐ வந்தது. 2023 ஆகஸ்டில் ஒரே மாசத்தில் 1000 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டிடுச்சு. அந்த வருஷம் நான் காலேஜ் முதல் வருஷம். அப்பாவை மாற்றியே தீருவேன்னு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வகுப்பு எடுத்தேன். அவர் கேட்டுட்டு, "உனக்கு சௌகரியம்னா வச்சுக்கோ"ன்னு எழுந்து போயிட்டார்.

அடுத்த மாசம் என் பழைய சைக்கிளை நெட்டில் விலைக்குப் போட்டேன். ஒருத்தன் பேரம்கூடப் பேசாம 1500 ரூபாய்க்கு ஒத்துக்கிட்டான். "பணம் அனுப்பியிருக்கேன், அக்செப்ட் பண்ணி பின் நம்பர் போடுங்க"ன்னான். போட்டேன். 1500 என் கணக்கிலிருந்து போச்சு. வணிகவியல் மாணவன், கவனிங்க.

வெட்கத்தில் இரண்டு நாள் யாரிடமும் சொல்லலை. (இந்த மாதிரி நடந்தா உடனே 1930க்குக் கூப்பிடணும். வெட்கத்துக்கு நேரம் ஒதுக்காதீங்க.) மூணாவது நாள் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார்னு பார்த்தா, ஒரே ஒரு கேள்வி: "காசு வாங்கறதுக்கு நாம எதுக்குடா நம்பர் அடிக்கணும்?"

அவ்வளவு எளிமையான கேள்வி. பணம் வாங்க பின் நம்பர் எப்பவுமே தேவையில்லை, அனுப்ப மட்டும்தான். ஆப்பே வைக்காத மனுஷனுக்கு அது தெரியுது. தினமும் பத்து தடவை பயன்படுத்துற எனக்கு அந்த நிமிஷம் தோணலை. 2025 அக்டோபர் 1 முதல் தனிநபர்கள் ஒருத்தருக்கொருத்தர் இப்படிப் பணம் கேட்டு அனுப்புற வசதியையே நிறுத்தச் சொல்லி தேசியக் கொடுப்பனவுக் கழகம் உத்தரவு போட்டது. அப்பாவிடம் காட்டினேன். "பரவால்ல"ன்னு சொல்லிட்டு பாஸ்புக்கைப் பிரிச்சார்.

பெரியவங்க செய்றது எல்லாமே சரின்னு நான் சொல்ல வரலை. அரிசி டின்னில் இருந்த 3000 ரூபாய் பேங்கில் இருந்திருந்தா போயிருக்காது. அப்பாவின் பாஸ்புக்கும் மோசடியைத் தடுக்காது, நடந்த பிறகுதான் காட்டும். ஆனா இவங்க மாற்றத்துக்குப் பயந்தவங்க என்பது தப்பு. ஆயா அணாவை விட்டுச்சு, வீசையை விட்டுச்சு. ஒரே ஆயுளில் இத்தனை மாற்றத்தைப் பார்த்தவங்க. ஒவ்வொரு மாற்றத்திலும் கையிலிருந்து என்ன நழுவுச்சுன்னு ஞாபகம் வச்சிருக்காங்க. நமக்கு இன்னும் அவ்வளவு நழுவலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வெள்ளிக்கிழமை ஆயாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். பூக்காரம்மாவிடம் ரெண்டு முழம் வாங்கி, நான் போனில் பணம் அனுப்பினேன். பெட்டி சத்தமா 'அறுபது ரூபாய் பெறப்பட்டது'ன்னு சொல்லிச்சு. ஆயா கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துட்டு, "இது தேவலாம்டா, நாலு பேர் கேக்க சொல்லுது"ன்னு சொல்லிச்சு.

இப்போ அப்பாவோடு நான் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கேன். மின் கட்டணம் மட்டும் நான் போனில் கட்டுவேன், ரசீதை அச்சடிச்சுக் கொடுக்கணும். சீல் இல்லாத பேப்பர்தான், ஆனா அதில் என் கையெழுத்தைப் போடச் சொல்லி வாங்கி வச்சுக்கிறார்.

உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் இப்படி ஒரு பழக்கம் இருக்கும். கிண்டல் பண்றதுக்கு முன்னாடி எந்த வருஷத்திலிருந்துன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. கேட்டதும் இங்கே வந்து சொல்லுங்க.