குதிரைக்குட்டியும் மனிதன் கையும்

குதிரையின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் போர்களையும் விலைகளையுமே எழுதினார்கள். பிறந்த குட்டியின் உடலில் மனிதனின் கை முதன்முதலாகப் படுவதைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர். ஏறத்தாழ 3,400 ஆண்டுகளுக்கு முன் மிட்டானி நாட்டுக் கிக்குலி, ஹிட்டைட் மன்னர்களுக்காகக் களிமண் பலகைகளில் எழுதுவித்த பயிற்சி முறை இத்துறையின் மிகப் பழைய நூல்களில் ஒன்று. தீனியின் அளவும் ஓட்டத்தின் தூரமும் அதில் உண்டு. ஆனால் அது தேர்க் குதிரைகளுக்கானது. குட்டிக்கு அங்கே இடமில்லை.

குட்டியைப் பற்றிக் கவலைப்பட்டவர் ஏதென்ஸ் நகரத்துச் செனோபோன். சோக்கிரதீஸின் மாணவர் என்றும், பாரசீகத்திலிருந்து பத்தாயிரம் கிரேக்கக் கூலிப்படையினர் மீண்ட கதையை எழுதியவர் என்றும் வாசகர்கள் அவரை அறிவார்கள். குதிரையேற்றம் பற்றிக் கி.மு. நான்காம் நூற்றாண்டில் அவர் எழுதிய சிறு நூல் இன்றும் படிக்கப்படுகிறது. மகனைத் தொழில் பழக ஒப்படைப்பதுபோல, கற்பிக்க வேண்டியவற்றை எழுத்தில் வைத்துக்கொண்டு குட்டியைப் பயிற்றுநரிடம் அனுப்பச் சொல்கிறார். ஆனால் அனுப்புவதற்கு முன்பே அது மனிதனை விரும்பப் பழகியிருக்க வேண்டும். அது வீட்டில், லாயக்காரன் கையில் நடக்கும் வேலை. பசியும் தாகமும் ஈக்கடியும் குட்டி தனித்திருக்கையில் நேர வேண்டும். தீனியும் நீரும் ஈக்கடியிலிருந்து விடுதலையும் மனிதன் வழியாக வர வேண்டும். அதற்கு இதமான இடங்களையும், அரித்தால் தானே சொறிந்துகொள்ள முடியாத இடங்களையும் தடவிக்கொடுக்க வேண்டும். சந்தடி மிகுந்த இடங்களுக்கு நடத்திச் செல்ல வேண்டும். மிரண்டால் அடிக்காமல், பயப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாகக் காட்ட வேண்டும்.

இதைக் கருணை என்று மட்டும் நான் வாசிக்கவில்லை. செனோபோன் குதிரைப்படை அறிந்தவர்; களத்தில் மிரளும் குதிரை மேலிருப்பவனைக் கொன்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். வற்புறுத்தலால் செய்வதைக் குதிரை விளங்கிச் செய்வதில்லை என்பதே அவர் வாதம்.

அந்த அறிவு தொடர்ந்து நிலைத்ததாகச் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மேற்கில், மேய்ச்சல் வெளியில் மனிதக் கை படாமல் வளர்ந்த குதிரையைச் சுருக்குக் கயிற்றால் பிடித்து, சேணம் பூட்டி, அது ஓயும்வரை முதுகில் அமர்ந்திருப்பது வழக்கமாயிருந்தது. ஆங்கிலத்தில் இதற்கு 'உடைத்தல்' என்றே பெயர். பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

பின்னர் ஊசல் மறுபக்கம் போயிற்று. வாத்துக் குஞ்சுகள் பொரித்தவுடன் காண்பதையே தாயாகப் பின்தொடரும் என்று கொன்றாட் லோரன்ஸ் காட்டியிருந்தார். அந்த எண்ணத்தைக் குதிரைக்குக் கொண்டுவந்த கலிபோர்னிய மிருக வைத்தியர் றொபேர்ட் மில்லர், பிறந்த உடனேயே குட்டியைப் பிடித்து உடல் முழுவதும் தடவிப் பழக்க வேண்டும் என்று 1991இல் நூல் எழுதினார். பண்ணைகள் பல அதைப் பின்பற்றின.

பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் மார்த்தீன் ஹவுஸ்பெர்கர் குழுவினர் இதைச் சோதித்தார்கள். பிறந்த முதல் மணி நேரத்தில் பிடித்துக் கையாளப்பட்ட குட்டிகள் தாயைவிட்டுப் பிரிய அஞ்சின; மற்றக் குட்டிகளோடு குறைவாகவே விளையாடின. இது 2009இல் வெளியான ஆய்வு. அதற்கு முன் 2005இல் வந்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் குட்டியைத் தொடவேயில்லை. முதல் ஐந்து நாட்கள் தாயின் உடலை மட்டும் மென்மையாகத் தேய்த்துக்கொடுத்தார்கள். அருகில் நின்று பார்த்திருந்த குட்டிகள், பின்னர் மனிதரை மற்றக் குட்டிகளைவிட எளிதாக ஏற்றுக்கொண்டன. செனோபோன் லாயக்காரனுக்குச் சொன்ன பாடத்தைத் தாயின் வழியாகவும் கற்பிக்கலாம் போலும்.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில், வரட்சி வந்தால் நெடுந்தீவுக் குதிரைகள் நீரின்றி மடியும் செய்தி என் மேசைக்கும் வரும். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பெருக்கி, பிரித்தானியர் காலத்தில் கைவிடப்பட்ட குதிரைகளின் சந்ததி அவை. அங்கே பிறக்கும் குட்டிக்கு மனிதக் கை தெரியாது. அவற்றைப் பழக்கி ஏற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீர் கொடுக்கவும் காயத்துக்கு மருந்திடவும் யாராவது நெருங்கத்தான் வேண்டும். கயிற்றோடு விரட்டுபவரை அனுப்புவதிலும், குட்டியோடு நிற்கும் தாய்க்கு நீரை வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் பேசாமல் நிற்கத் தெரிந்தவரை நாள்தோறும் அனுப்புவது நல்லது.