சொல்லுக்குக் கூலி: ஜான் ஸ்மீட்டனும் ஆலோசனைத் தொழிலின் தொடக்கமும்

அறிவுரை நம்மிடையே கேளாமலே கிடைக்கும் பொருள். திண்ணையிலும் தேநீர்க் கடையிலும் அது தாராளமாகப் புழங்குகிறது. அதற்குக் கூலி கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம். கல் சுமப்பவருக்குக் கூலி உண்டு. கல்லை எங்கே வைப்பது என்று சொல்பவருக்கு எதற்கு? இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையாலேயே விடை கண்டவர்களுள் ஒருவர் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வாழ்ந்த ஜான் ஸ்மீட்டன். வரலாறு அவரைக் கலங்கரை விளக்கம் கட்டியவராகவே நினைவுகூர்கிறது. ஆலோசனை சொல்லியே பிழைக்கலாம் என்ற நிலைக்கு அவர் வந்து சேர்ந்த வழியை இங்கு நோக்குவோம்.

1724இல் லீட்ஸ் நகருக்கு அருகே ஆஸ்தார்ப்பில் பிறந்த ஸ்மீட்டனின் தந்தை வழக்கறிஞர். மகனும் அத்தொழிலுக்கே வரவேண்டும் என்று 1742இல் லண்டனுக்கு அனுப்பினார். மகனின் மனமோ பட்டறையில் இருந்தது. சட்டப் படிப்பைக் கைவிட்டு, அறிவியல் கருவிகள் செய்து விற்கத் தொடங்கினார். 1753இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அந்த உறவே பின்னர் கதவைத் திறந்தது.

பிளிமத் துறைமுகத்துக்கு வெளியே கடலுக்குள் இருக்கும் எடிஸ்டோன் பாறையில் நின்ற மர விளக்கம் 1755 டிசம்பரில் எரிந்துபோயிற்று. அதன் உரிமையாளர்கள் தகுந்த ஆளைத் தேடி ராயல் சொசைட்டியின் தலைவரை அணுக, அவர் ஸ்மீட்டனின் பெயரைச் சொன்னார். கடலில் அதுவரை எதையும் கட்டாத மனிதர் அவர். ஆனால் சோதித்துப் பார்க்காமல் எதையும் சொல்லாத இயல்பினர். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லிலிருந்து கிடைக்கும் சுண்ணாம்பே நீருக்கடியிலும் இறுகும் என்பதைப் பல மாதிரிகளைச் சோதித்து அறிந்தார். கற்களை ஒன்றோடொன்று கோத்துப் பிணைத்து, அடி பருத்த கருவாலி மரம்போல் கோபுரத்தை எழுப்பினார். 1759 அக்டோபர் 16இல் விளக்கு ஏற்றப்பட்டது. நீர்ச்சக்கரங்களையும் காற்றாலைகளையும் பற்றிய ஆய்வுக்காகக் காப்லி பதக்கம் பெற்றதும் அதே ஆண்டில்தான். மேலிருந்து நீர் விழுந்து சுழலும் சக்கரம், கீழே நீர் மோதிச் சுழலும் சக்கரத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு பயன் தரும் என்று அவர் அதில் அளந்து காட்டியிருந்தார்.

இவ்வளவு புகழுக்குப் பின் பணிகள் வந்து குவிந்திருக்கும் என்றே நாம் எண்ணுவோம். அப்படி நிகழவில்லை. புகழ் முந்தி வந்தது. வருவாய் பிந்தியே வந்தது. 1764இன் இறுதியில், கிரீனிச் மருத்துவமனைக்கு உரிய டெர்வென்ட்வாட்டர் நிலங்களின் வருவாயைக் கவனிக்கும் பதவியை ஸ்மீட்டன் ஏற்றார். 1777 வரை அதை விடவில்லை. எடிஸ்டோன் கட்டியவர் குத்தகைக் கணக்குப் பார்ப்பதா என்று ஏளனம் செய்வது எளிது. அந்த நிலையான ஊதியமே, வந்த பணிகளுள் தக்கவற்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அவருக்குத் தந்திருக்கும் எனலாம்.

அக்காலப் பிரான்சில் பாலங்களையும் சாலைகளையும் கவனிக்க 1716 முதல் அரசுப் பொறியாளர் படை இருந்தது. அங்கே பொறியாளர் அரசு ஊழியர். இங்கிலாந்தில் அத்தகைய அமைப்பு இல்லை. கால்வாய் வெட்ட விரும்பிய வணிகர், சதுப்பை வடிக்க விரும்பிய நிலக்கிழார், துறைமுகம் சீரமைக்க விரும்பிய நகரத்தார் எனப் பலரும் தத்தம் பணத்தைப் போட்டார்கள். கால்வாய்க்குப் பாராளுமன்றச் சட்டம் வேண்டும். சட்டத்துக்கு நம்பத்தக்க அறிக்கையும் சாட்சியும் வேண்டும். சொந்த ஆதாயம் இல்லாத ஒருவரின் சொல்லுக்கு இவ்வாறு சந்தை உருவாயிற்று.

அந்தச் சந்தையில் ஸ்மீட்டன் விற்றது அறிக்கை. இடத்தை நேரில் பார்ப்பார், அளப்பார், ஊர் திரும்பி, செய்யத்தக்கதையும் அதற்கு ஆகும் செலவையும் வரைபடங்களோடு எழுதித் தருவார். அந்த எழுத்தின் தெளிவைக் காணும்போது, கைவிட்ட சட்டப் படிப்பு வீண்போகவில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. கட்டும் வேலை ஒப்பந்தக்காரருடையது. பெரும் பணிகளில் அன்றாட மேற்பார்வைக்குக் களத்திலேயே தங்கும் பொறியாளர் ஒருவர் இருப்பார். ஸ்மீட்டன் தலைமைப் பொறியாளராக வந்து போவார். 1768இல் தொடங்கிய ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கிளைடு கால்வாயில் இம்முறையே பின்பற்றப்பட்டது. அவருக்கு ஆண்டுக்கு 500 பவுன் ஊதியம். கட்டுவோரையும் கருத்துரைப்போரையும் பிரித்த இந்த ஏற்பாடே ஆலோசனைத் தொழிலின் அடித்தளம். செங்கல்லில் இலாபம் பார்ப்பவர் செங்கல் போதும் என்று சொல்லமாட்டார் அல்லவா?

இராணுவத்தைச் சாராத பொறியாளர் என்ற பொருளில் தம்மை 'சிவில் எஞ்சினியர்' என்று அழைத்துக்கொண்ட முதல்வர் அவரே எனப் பொதுவாகக் கருதுவர். 1771இல் லண்டன் விடுதி ஒன்றில் அவரும் நண்பர்களும் கூடி அமைத்த சங்கம், அவருடைய பெயரோடு இன்றும் இயங்குகிறது.

இத்தொழிலுக்குரிய ஆபத்தும் அவரைத் தேடி வந்தது. டைன் ஆற்றின்மேல் ஹெக்சாமில் அவர் வடிவமைத்த பாலம் 1780இல் முடிந்தது. 1782 வெள்ளம் அதை அடித்துச் சென்றது. முப்பதாண்டுத் தொழிலில் தம் பணி எதுவும் வீழ்ந்ததில்லை என்று இனிச் சொல்ல முடியாதே என அவர் கடிதத்தில் வருந்தினார். கல்லும் காரையும் போனால் மீண்டும் வாங்கலாம். சொல்லை விற்பவருக்கோ பெயரே முதல். அந்த முதலில் விழுந்த சேதத்தை அவர் மறைக்கவில்லை. அதன் பின்னரும் மக்கள் அவரை நாடியே வந்தார்கள்; 1788இல் ராம்ஸ்கேட் துறைமுகப் பொறுப்பு அவரிடம் வந்தது.

1792இல் ஸ்மீட்டன் மறைந்தார். அடிப்பாறையை அலை அரித்ததால் 1882இல் எடிஸ்டோன் கோபுரத்தின் மேற்பகுதி பிரித்தெடுக்கப்பட்டு, பிளிமத் கரையில் மீண்டும் எழுப்பப்பட்டது. அவருடைய அறிக்கைகளைச் சங்கத்தார் 1812இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். கூலிக்கு எழுதிய சொற்கள் அவை. கூலி கொடுத்தவர்கள் யாவரும் மறைந்த பின்னும் படிக்கக் கிடைக்கின்றன.