நாணே காட்: காசின் பெயர் பெற்ற கணவாய்

மும்பையிலும் கல்யாணிலும் வாழும் தமிழர்கள் ஊருக்குப் புறப்பட்டால் சஹ்யாத்திரி மலையை ஏறிக் கடந்தே ஆகவேண்டும். சென்னை செல்லும் ரயில் கர்ஜத்தைத் தாண்டியதும் முன்னும் பின்னும் என்ஜின் பூட்டிக்கொண்டு மூச்சுவாங்க ஏறுவதைக் கண்டிராதவர் உளரோ? கொங்கணக் கடற்கரைக்கும் தக்கண மேட்டுநிலத்துக்கும் இடையே அம்மலை மதிலென நிற்கின்றது. அம்மதிலில் ஏறத்தக்க வாயில்கள் சிலவே. மராத்தியர் அவற்றைக் காட் என்பர். வாயிலைக் காத்தவர் கையிலேயே வாணிகமும் இருந்தது.

அவ்வாயில்களுள் தன் பழமைக்குத் தானே சாட்சி கூறி நிற்பது நாணே காட். கல்யாண், சோபாரா துறைகளில் இறங்கிய சரக்கு, இக்கணவாய் வழியே ஜுன்னருக்கும், அதற்கப்பால் கோதாவரிக் கரையிலுள்ள பைடணுக்கும் சென்றது. நாணே என்னும் மராத்திச் சொல்லுக்குக் காசு என்று பொருள். நம் நாணயம் என்னும் சொல்லுக்கு அது உறவு. கணவாயின் உச்சியில் ஒரு பெரிய கற்சாடி இருக்கின்றது. வழிப்போக்கர் சுங்கக் காசை அதில் இட்டனர் என்பது அந்நாட்டார் வழக்கு. எழுத்துச் சான்று இல்லையே எனலாம்; ஆனால் சுங்கம் வாங்காத கணவாய் எந்நாட்டில் இருந்தது?

எழுத்துச் சான்று உள்ள இடம் அருகிலுள்ள குகை. சாதவாகன அரசி நாகநிகாவினுடையது எனக் கருதப்படும் நெடிய சாசனம் அங்கே பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் பொறிக்கப்பட்டுள்ளது. 1828இல் சைக்ஸ் என்னும் ஆங்கிலேயர் இதனை அறிஞர் கவனத்துக்குக் கொணர்ந்தார். அரச குடும்பத்தாரின் சிலைகளும் அங்கே இருந்தன. இன்று பெயர்கள் உள, சிலைகள் இல. சாசனம் கூறுவதோ வேள்விகளும் அவற்றில் அளித்த தட்சிணைகளும்: பசுக்கள், குதிரைகள், யானைகள், காசுகள், யாவும் எண்ணிக்கையுடன். பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் இருப்பதால், இந்திய எண்களின் வரலாற்றை ஆய்வோருக்கு இக்குகை ஒரு பாடசாலை.

வேள்விக் கணக்கைக் கோயிலில் வெட்டாமல் வழிச்சாவடியில் வெட்டியது ஏன்? சுங்கம் செலுத்திய வணிகன், தன் காசு சென்று சேர்ந்த அரசின் பெருமையை அங்கேயே காணவேண்டும் என்பதே நோக்கமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. அரசியின் கொடை கல்லில் நின்றது. பாறையை வெட்டிப் படி அமைத்தவரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

இத்துணைச் சிறப்புடைய வழியும் துறைமுகத்தை நம்பியே வாழ்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல், கல்யாண் துறை கைமாறியபின் தடைப்பட்டதையும், அங்கு வந்த கிரேக்கக் கப்பல்கள் காவலுடன் பரூச்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டதையும் கூறுகின்றது. பைடணிலிருந்து பரூச்சுக்கு இருபது நாள் பயணம்! பாதையில் ஒரு கல்லும் பெயரவில்லை. ஆயினும் துறை அடைபட்டால் கணவாய்க்குச் சரக்கேது?

பிற்காலத்தில் பெரும் போக்குவரத்து தெற்கே போர் காட்டுக்கு மாறியது. 1830இல் கவர்னர் மால்கம் அங்கே வண்டிப்பாதையைத் திறந்தார். 1863இல் ரயில் ஏறியது. 2002இல் விரைவுச்சாலை முழுமை பெற்றது. பழைய சாலையோரத்தில் சிங்கரோபா கோயில் உள்ளது. ஆங்கிலேயருக்கு வழி காட்டிய தங்கர் இன ஆட்டிடையன் ஒருவனே அங்கு தெய்வமானான் என்பது கர்ணபரம்பரைக் கதை. ஏட்டில் இடம் பெறாத வழிகாட்டிக்குச் சாலையோரத்தில் ஒரு கோயிலாவது கிடைத்தது.

நாணே காட்டில் இன்று பொதிமாடுகள் இல்லை. மலையேறும் இளைஞரே வருகின்றனர். கல்யாணிலிருந்து முர்பாட் வழியாக மால்சேஜ் காட் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வைசாகரே என்னும் சிற்றூரருகே இறங்கினால் ஒற்றையடிப் பாதை தொடங்கும். மழைக்காலத்தில் கீழிருந்து வீசும் காற்று அருவியை மேல்நோக்கித் தூக்கி எறியும் காட்சி காணத்தக்கது. ஆனால் தேய்ந்த படிகள் அப்போது மிகவும் வழுக்கும். குழந்தைகளுடன் செல்வோர் கார்த்திகைக்குப் பின் புறப்படுவது நலம். சாசனத்தில் சிதைந்த எழுத்துகள் ஏற்கெனவே பல. விரலால் தடவிப் பார்க்கும் ஆவலை அங்கே அடக்கிக்கொள்ள வேண்டும்.