உளவாளியும் கங்காணியும்: பார்வையில் பிறந்த இரு சொற்கள்

உளவாளியைக் குறிக்கும் ‘ஸ்பை’ என்ற ஆங்கிலச் சொல் திரைப்படங்களால் நமக்கும் பழகிப்போனது. அதன் வேரைத் தேடிப்போனால் துப்பாக்கியும் இல்லை, சூழ்ச்சியும் இல்லை. ‘பார்த்தல்’ என்ற பொருள்தான் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சின் ‘எஸ்பியே’ என்ற வினை வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்கு அது ஜெர்மானிய மொழிகளிலிருந்து கிடைத்தது. லத்தீனில் பார்ப்பதைக் குறிக்கும் ‘ஸ்பெகெரே’யும் அதே வேர்தான், ‘இன்ஸ்பெக்டர்’ பிறந்தது அதிலிருந்து. ஒளிந்து பார்ப்பவரும் உத்தியோக உடையில் பார்ப்பவரும் சொல்லளவில் உறவினர்கள்.

தமிழில் ஒற்றர், வேவுகாரர், உளவாளி என்கிறோம். திருக்குறளின் 59ஆவது அதிகாரம் ஒற்றாடல். ஒற்றரை அரசனின் கண்ணாகக் கருதும் வள்ளுவர், ஒருவர் கொண்டுவந்த செய்தியை இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்கவும் சொல்கிறார்.

மலையகத்தில் இதற்கு நெருக்கமான சொல் ஒன்று உண்டு: கங்காணி. கண்காணிப்பவர் என்பதே பொருள். தமிழிலிருந்து ஆங்கில அகராதிக்கே போன சொல் அது. தமிழகக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் பெரிய கங்காணி. வேலைக்கு வந்த தலைகளை எண்ணி அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. தோட்டம் மாற விரும்பிய தொழிலாளியின் கடனை எழுதிய ‘துண்டு’ முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. உளவாளியைப் போல கங்காணி ஒளிந்து பார்க்கவில்லை. தன்னைப் பார்க்கிறார்கள் என்று தொழிலாளிக்குத் தெரிந்திருப்பதே அங்கே கட்டுப்பாடாக இருந்தது.

இந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மீரியபெத்த நினைவுக்கு வருகிறது. பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள அந்தத் தோட்டத்தின் லயன்களை 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவு மூடியது. 30க்கும் மேற்பட்டோர் பலியானார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்ததாக அனர்த்தத்தின் பின் தெரிவிக்கப்பட்டது. மலையைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். பார்த்ததும் சொல்லப்பட்டது. ஆனாலும் அன்று காலை மக்கள் அதே லயன்களில்தான் இருந்தார்கள்.

எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எத்தனை கிலோ கொழுந்து பறித்தார்கள் என்பதை நூறாண்டுகளுக்கு மேலாகப் பிசகாமல் கண்காணித்த தோட்டங்கள் இவை. லயனுக்கு மேலே மண் வெடிக்கிறதா, திடீரென ஊற்று கிளம்புகிறதா, மரங்கள் சாய்கின்றனவா என்பதைக் கண்காணிப்பதும், கண்டதும் மக்களை அங்கிருந்து நகர்த்துவதும் யாருடைய வேலை? மழைக்காலம் வரும்போதெல்லாம் ஊவா மலைகளில் இந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது. ஒற்றர் கண்டு சொன்னால் மட்டும் போதாது. கேட்டவர் செயற்பட்டால்தான் அது கண்.