புகைவண்டி மின்வண்டியான வரலாறு

மும்பையில் வாழும் நமக்கு மின்சார ரயில் காலைக் காப்பியைப் போன்று அன்றாட வழக்கமாகிவிட்டது. கம்பியைப் பிடித்துத் தொங்கிச் செல்லும் அன்பர்களுக்கு அதன் வரலாற்றை எண்ணிப் பார்க்க நேரமேது!

1925-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3-ஆம் நாள், விக்டோரியா டெர்மினஸிலிருந்து ஹார்பர் பாதை வழியாகக் குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. பம்பாய் ஆளுநர் சர் லெஸ்லி வில்சன் அதனைத் தொடங்கி வைத்தார். 1929-இல் மின்கம்பி மலையேறிப் பூனாவை எட்டியது. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்வண்டி வந்தது. பம்பாய்ப் பாதைகளுக்கு மின்சாரம் அளிக்கக் கல்யாண் அருகே சோலா மின்நிலையம் எழுந்தது. அங்கே எரிந்ததும் நிலக்கரியே. ஆகவே புகை ஒழியவில்லை, வண்டியை விட்டு மின்நிலையத்தின் புகைபோக்கிக்குக் குடிபெயர்ந்தது என்பதே சரி.

வேலையும் அப்படித்தான் இடம் மாறிற்று. மலைப்பாதையில் சரக்கு வண்டிகளை இழுத்த பெரிய மின் எஞ்சின்களுள் முதல் பத்தும் சுவிட்சர்லாந்தில் உருவானவை; ஏனையவை இங்கிலாந்தில் உருவானவை. தூய வண்டி நமக்குக் கிடைத்தது. அதனைச் செய்யும் தொழிலோ கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. பயணம் செய்வோரின் வசதியை எழுதிய பலரும் இதனை எழுத மறந்தனர்.

இக்குறை தீரத் தொடங்கியது விடுதலைக்குப் பின்னரே. மேற்கு வங்கத்துச் சித்தரஞ்சனில் 1950 ஜனவரி 26-இல் எஞ்சின் உற்பத்தி தொடங்கியது. ஆலையோடு தொழிலாளருக்கென ஓர் ஊரும் அமைந்தது. அங்கு முதலில் உருவானவை நிலக்கரி உண்ணும் நீராவி எஞ்சின்கள். பின்னர் 1961 அக்டோபர் 14-ஆம் நாள், அங்கே உருவான முதல் மின் எஞ்சினைப் பிரதமர் நேரு வெளியிட்டார். அதன் பெயர் ‘லோகமான்ய’. அவ்வகை எஞ்சின்கள் நம் பம்பாய்ப் பாதைக்கே செய்யப்பட்டவை என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. மின் எஞ்சின் வந்த மறுநாளே நீராவி எஞ்சினை நிறுத்திவிடவில்லை. 1972 வரை இரண்டும் ஒரே ஆலையில் உருவாயின. நீராவி எஞ்சின்கள் மட்டும் 2,351. கொதிகலம் தட்டிப் பழகிய கைக்கு மோட்டார்ச் சுருள் சுற்றும் வேலை ஒரு திங்களில் வந்துவிடாது. அந்தப் பதினோராண்டு அவகாசமே ஆலையையும் ஊரையும் காத்தது என்பது என் கருத்து.

ஓட்டுவோர் நிலை அத்துணை எளிதாக இல்லை. நீராவி எஞ்சினில் ஒரு டிரைவரும் இரண்டு பயர்மேன்களும் இருந்தனர். மின் எஞ்சினுக்கு டிரைவரும் ஓர் உதவியாளரும் போதும். பயர்மேன்கள் பலர் பயிற்சி பெற்று டீசல், மின் எஞ்சின்களுக்கு மாறினர். ஆயினும் இரண்டாம் பயர்மேனின் இடம் அடியோடு மறைந்தது. லோகோ ஷெட்டில் சாம்பல் அள்ளியவர், கொதிகலம் கழுவியவர் ஆகியோரின் வேலையும் அவ்வாறே. அகலப் பாதையில் 1995-இல் நீராவி ஓய்ந்தபோது பழைய எஞ்சினுக்குப் பிரிவுரை எழுதியோர் பலர். இவர்களைப் பற்றி எழுதியோர் சிலரே.

புதிய கதவு ஒன்றும் திறந்தது. நெருப்புப் பெட்டிக்கு முன் நின்று கரி வாரும் வேலைக்குப் பெண்களை எவரும் அழைத்ததில்லை. சாதாரா மாவட்டத்துச் சுரேகா யாதவ் 1980-களின் இறுதியில் ரயில்வேயில் உதவி டிரைவராகச் சேர்ந்தார். 2011 மார்ச் 8-ஆம் நாள், அதே பூனாப் பாதையில், டெக்கான் குயின் வண்டியை அவர் ஓட்டி வந்தார்.